ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்

எங்கள் சேகரத்து ஐயரை அடக்கம்பண்ணிய அன்று கோயிலுக்குள் நிற்க இடமில்லை. தென் மாவட்டங்களில் போதகரை ஐயர் என்று அழைப்பதே வழக்கம். அவருக்கு வயது 52. மாரடைப்பு. பெட்டி பீடத்துக்கு முன்னால் இருந்தது. உபதேசியார் பேசினார், தலைமையாசிரியர் பேசினார், பக்கத்துச் சேகரங்களிலிருந்து வந்தவர்கள் பேசினார்கள். பேசிய எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்: "ஐயர் இங்கே வந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை." ஒவ்வொரு தடவையும் கூட்டம் தலையசைத்தது. நானும் அசைத்தேன். சேகரக் கமிட்டியில் அப்போது நானும் இருந்தேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி ஐயரம்மாவைப் பார்க்கப் போனோம். கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு அவர்களே சொன்னார்கள்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு தடவையாவது எங்ககூட உக்காந்து சாப்ட்டிருப்பாங்களான்னு யோசிச்சிப் பாக்கேன். ஒண்ணுகூட ஞாபகம் வர மாட்டேங்கு."

கோயிலில் புகழாகக் கேட்டதையே வீட்டில் துக்கமாகக் கேட்டேன். அந்தப் புகழுரையைக் கண்டிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஊழியக்காரன் ஓயக்கூடாது என்ற நம்பிக்கை நம் சபைகளில் வேரோடிக் கிடக்கிறது. இதற்கு சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்ற வித்தியாசம் கிடையாது. கன்வென்ஷன் மேடைகளில் இது வெவ்வேறு வாக்கியங்களாக முழங்கும். துருப்பிடித்துப் போவதைவிடத் தேய்ந்து போவது மேல் என்பார்கள். சாத்தான் லீவு எடுப்பதில்லை, நான் மட்டும் எடுக்கலாமா என்பார்கள். ஓய்வெல்லாம் பரலோகத்தில்தான் என்பார்கள். கேட்கிறவர்கள் ஆமென் சொல்லுவார்கள். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு ஆமெனும் எங்கோ ஒரு குருமனையில் ஒரு மனிதரின் தூக்கத்தைத் தின்கிறது.

முதலில் அந்த உழைப்பின் அளவைப் பார்ப்போம். சேகரம் என்பது ஒரே ஒரு கோயிலோடு முடிவதில்லை. தாய்ச்சபையோடு பல கிராமச் சபைகள் சேர்ந்தது அது. ஞாயிறு விடியும் முன்னே கிளம்பி ஊர் ஊராக ஆராதனை, திருவிருந்து, பிற்பகல் கமிட்டி, மாலையில் வாலிபர் கூட்டம். வார நாட்களில் வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி, பெண்கள் ஐக்கிய சங்கம், ஞானஸ்நானம், கல்யாண ஓலை. சபைப் பள்ளிக்கூடம் இருந்தால் தாளாளர் பொறுப்பும் பெரும்பாலும் அவர் தலையில்தான். கோபுரம் கட்டத் தீர்மானம் போட்டால் சிமெண்டுக் கணக்கும் அவரிடம் வந்து சேரும். சாவு நேரம் பார்த்து வருவதில்லை. லெந்து நாட்கள், பரிசுத்த வாரம், பெரிய வெள்ளியின் மும்மணி தியானம், ஈஸ்டர் அதிகாலை ஆராதனை, அறுப்பின் பண்டிகை, அசனம், டிசம்பர் முழுக்க கேரல். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையை முடித்துவிட்டுப் படுத்தால் சில மணி நேரத்தில் புத்தாண்டு ஆராதனைக்கு மணி அடித்துவிடும்.

தனிச் சபை நடத்தும் பாஸ்டரின் நிலை இதைவிடக் கடினம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்தச் செய்தி, யூடியூபில் நேரலை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, காணிக்கைதான். ஒரு ஞாயிறு ஊரில் இல்லாவிட்டால் காணிக்கை குறையும், நாலு குடும்பம் அடுத்த தெருச் சபைக்குப் போய்விடும் என்ற பயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

இப்படி உழைக்கிறவரை விசுவாச வீரர் என்று கொண்டாடுகிறோம். வேதம் அவரைக் கொண்டாடுகிறதா?

யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆராதனைக்காக மூன்று நாள் பயணம் போய்வர விடு என்று மோசே கேட்கிறார். சோம்பேறித்தனத்தால்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்று ஒருவன் சீறுகிறான். வைக்கோலையும் நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்று கட்டளை போடுகிறான். அவன் பார்வோன். ஓய்வு கேட்கிறவனைச் சோம்பேறி என்று ஏசும் குரல் வேதத்தில் முதன்முதலாக அந்த அரண்மனையிலிருந்துதான் வருகிறது. "ஐயருக்கு எதுக்கு லீவு? நாம என்ன வெயில்லயா நிக்க வைக்கோம்?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்கும்போது, எந்த அரண்மனையின் பாஷையைப் பேசுகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

அந்த அடிமைத்தனத்திலிருந்து மீட்டபிறகு கடவுள் கொடுத்த பத்துக் கட்டளைகளில் ஒன்று ஓய்வுநாள். உபாகமம் அதற்குக் காரணமும் சொல்லுகிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை மறக்காதே என்பதே அந்தக் காரணம். வேலையை நிறுத்த முடியாதவன் அடிமை. விடுதலையானவனுக்கு ஏழாம் நாள் ஓர் அடையாளம். கொலை செய்யாதே, களவு செய்யாதே என்ற கட்டளைகளை மீறுகிற போதகரைச் சபை ஒரு நாள்கூடப் பொறுக்காது. இந்த ஒரு கட்டளையை மீறுகிறவருக்கோ பொன்னாடை போர்த்துகிறோம்.

"ஐயர்தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருக்கிறாரே, அதுவே ஓய்வுநாள்தானே" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓய்வுநாளில் ஆலயத்தில் ஆசாரியர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை இயேசுவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். சபைக்கு ஓய்வு தரும் நாள் போதகருக்கு வேலைநாள். அவருக்கு வேறொரு நாள் வேண்டும். ஆலய ஊழியத்தை வகுத்தபோது இந்தக் கணக்கு பார்க்கப்பட்டது. ஆசாரியர்கள் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டார்கள், முறை வைத்துப் பணி செய்தார்கள். லேவியர் 50 வயதானதும் சுமக்கும் வேலையிலிருந்து விடுபட்டு, சகோதரருக்குத் துணையாக மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணாகமம் விதிக்கிறது. எங்கள் ஐயர் அந்த வயதைத் தாண்டி இரண்டு வருஷம் சுமந்தார்.

லூக்கா சுவிசேஷம் தொடங்குவதும் இப்படி ஒரு முறை ஊழியரோடுதான். அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியா தன் முறையில் தூபங்காட்டப் போகிறார். தேவதூதன் தோன்றுகிறான், பேச்சு நின்றுபோகிறது. இவ்வளவு பெரிய தரிசனம் கிடைத்தவர் அதைச் சாக்காக வைத்து ஆலயத்திலேயே தங்கவில்லை. முறை நாட்கள் முடிந்ததும் வீட்டுக்குப் போனார் என்று லூக்கா குறித்துவைக்கிறார். எலிசபெத்து கர்ப்பமாவது அதற்குப் பிறகுதான். ஆலயத்தில் கேட்ட வாக்கு வீட்டில் நிறைவேறியது. வீட்டுக்குப் போக நேரமில்லாத ஊழியர்கள் இந்தப் பகுதியில் பிரசங்கம் பண்ணுவதற்கு முன் ஒருமுறை நிதானித்து வாசிக்க வேண்டும்.

எலியாவைப் பற்றி நம் மேடைகளில் கர்மேல் வரைக்கும்தான் கேட்கிறோம். அக்கினி இறங்கியது, மழை பெய்தது, ஆகாபின் ரதத்துக்கு முன்னால் ஓடினார். அடுத்த அதிகாரத்தில் அதே மனிதர் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவு கேட்கிறார். அவருக்குக் கடவுள் அனுப்பிய முதல் உதவியைக் கவனியுங்கள். கண்டிப்பு வரவில்லை, புதிய அபிஷேகமும் வரவில்லை. தூங்க விட்டார். எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் சாப்பிடச் சொன்னார். ஓரேபில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. இன்று ஒரு போதகர் எலியாவைப் போல மனமுடைந்து உட்கார்ந்தால், "ஜெபம் குறைஞ்சிட்டு போல" என்போம். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்லுவோம். தேவதூதன் சோறு போட்ட இடத்தில் நாம் பட்டினி போடுகிறோம்.

இயேசுவின் ஊழியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பர்நகூமில் ஊரே வாசலில் திரண்டிருந்த இரவுக்கு மறுநாள், இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய்விட்டார். எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது அவர் அந்த வாசலுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஊருக்குக் கிளம்பினார். ஊழியத்திலிருந்து திரும்பிய பன்னிருவருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் வருவதும் போவதுமாக இருந்தபோது, தனியிடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறலாம் என்று அவரே அழைத்துக்கொண்டு போனார். சாப்பிட நேரமில்லாத ஊழியத்தைக் கண்டு ஆண்டவர் பெருமைப்படவில்லை. படகில் தனியிடத்துக்குக் கூட்டிப்போனார்.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். "படகில் போய்ச் சேருமுன் ஜனக்கூட்டம் அங்கேயும் வந்துவிட்டது. ஆண்டவர் மனதுருகிப் போதித்தார், ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு கொடுத்தார். ஓய்வு எங்கே போயிற்று?" நல்ல கேள்வி. அடுத்த சில வசனங்களையும் வாசித்துவிடுவோம். எல்லாரும் சாப்பிட்ட உடனே அவர் சீஷர்களைப் படகேற்றி அனுப்பினார். ஜனங்களையும் தாமே அனுப்பிவிட்டார். பிறகு தனியாக மலைமேல் ஏறினார். மனதுருக்கம் ஓய்வை ஒரு சாயங்காலம் தள்ளிவைத்தது, ரத்து செய்யவில்லை. நாமோ அந்த ஒரு சாயங்காலத்தை ஆறு வருஷமாக நீட்டிவிடுகிறோம்.

வேதத்துக்கு அடுத்தபடி நாம் காட்டுவது மிஷனரிகளின் சரித்திரம். கடவுளுக்காக எரிந்து தீர வேண்டும் என்ற வாஞ்சைக்கு உதாரணமாக ஹென்றி மார்ட்டினைச் சொல்லாத ஊழியர் முகாம் கிடையாது. 1806இல் கல்கத்தாவில் இறங்கியவர், புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்தவர், 1812இல் துருக்கியின் டோக்காட் நகரில் 31 வயதில் இறந்தவர். அவருடைய உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் டோக்காட்டுக்கு எப்படி வந்தார் என்பதை மேடையில் யாரும் சொல்லுவதில்லை. உடம்பு கெட்டு, இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகும் வழியில்தான் அங்கே விழுந்தார். எரிந்து தீர்ந்தவர் என்று நாம் கொண்டாடுகிறவரே கடைசியில் வீட்டுக்குப் போக வழி தேடினார். வழி நீண்டுவிட்டது, காலம் கடந்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் ராபர்ட் முர்ரே மெக்ஷேனையும் நமக்குத் தெரியும். அவர் வகுத்த வேதவாசிப்பு அட்டவணையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். டண்டீ நகரின் செயின்ட் பீட்டர்ஸ் சபையில் ஓயாமல் உழைத்து, இதயப் படபடப்பு வந்து, ஓய்வுக்காக எடின்பரோவுக்குப் போனார். அங்கிருந்து 1839இல் பாலஸ்தீனப் பயணம். சபையை 24 வயது வாலிபர் வில்லியம் பர்ன்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் இல்லாத அந்த ஆகஸ்டு மாதத்தில்தான், அவர் ஏங்கி ஜெபித்த எழுப்புதல் அவருடைய சபையில் வந்தது. நவம்பரில் திரும்பிவந்தவர் பொறாமைப்படவில்லை, மகிழ்ந்தார். "நான் ஒரு வாரம் இல்லேன்னா சபை சிதறிப்போகும்" என்று சொல்லும் ஒவ்வொரு பாஸ்டரும் டண்டீயை நினைக்க வேண்டும். போதகர் இல்லாத நேரத்தில் சபை சிதறவில்லை, விழித்துக்கொண்டது.

லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜன் தன் நோயையும் மனச்சோர்வையும் மாணவர்களிடம் ஒளிக்கவில்லை. ஊழியருக்கு வரும் சோர்வைப் பற்றித் தனி விரிவுரையே செய்து, ஓய்வு நேர விரயம் ஆகாது என்று அதில் வாதாடினார். குளிர்காலங்களில் தெற்கு பிரான்சின் மென்டோனுக்குப் போய்த் தங்கினார். 1892இல் அங்கேயே இறந்தார்.

நம் மண்ணுக்கு வருவோம். 1834இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷன் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பலிகொடுத்தது. முதலில் சிறுமலையில் ஓய்விடம் தேடிப் பார்த்தார்கள், அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். இன்று நாம் குடும்பத்தோடு போய் ஏரியைச் சுற்றிவரும் அந்த ஊர், ஊழியர்கள் சாகாமல் இருக்க வேண்டும் என்ற கவலையில் முளைத்த ஊர். வேலூரில் மருத்துவமனையையும் மருத்துவக் கல்லூரியையும் வளர்த்தெடுத்த ஐடா ஸ்கடரும் கொடைக்கானலில் ஒரு வீடு வைத்திருந்தார். 1960இல், தன் 89ஆம் வயதில், அந்த ஊரில்தான் காலமானார். நீண்டகாலம் உழைத்தவர்கள் மலையேறத் தெரிந்தவர்களாகவும் இருந்தார்கள்.

இதில் ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. கோடையில் துரைமார் மலையேறியபோது, அவர்களுக்குக் கீழே கிராமம் கிராமமாக நடந்த உபதேசியார்கள் சமவெளியின் வெயிலிலேயே இருந்தார்கள். துரைமாருக்குச் சில வருஷங்களுக்கு ஒருமுறை தாய்நாட்டுக்குப் போய்வரும் நீண்ட விடுப்பும் இருந்தது. உபதேசியாருக்கு அப்படி எதுவும் இல்லை. சுதந்திரம் வந்தது, சபைகள் நம் கைக்கு வந்தன, பங்களாக்களும் வந்தன. மிஷனரிகளிடமிருந்து வேலையை மட்டும் சுவீகரித்துக்கொண்டோம், அவர்களுடைய ஓய்வை விட்டுவிட்டோம். இன்று ஒரு போதகர் தன் லீவைப் பற்றிப் பேசக் கூசுகிறார் என்றால், அந்தக் கூச்சத்துக்குள் பழைய உபதேசியாரின் பயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தை யாருடைய தயவுக்கும் விடவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறையில் போகலாம் என்கிறது. தியானத்துக்குப் போகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. அவர் இல்லாத நாட்களில் பங்கை யார் கவனிப்பது என்று ஒழுங்கு செய்வது ஆயரின் கடமை என்றும் எழுதிவைத்திருக்கிறது. அவர்களுக்குள்ளும் சோர்ந்துபோனவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஓய்வு சட்டம். நம்மிடத்தில் அது விதிப்புத்தகத்தில் இருந்தாலும், எடுத்தால் குற்ற உணர்வுதான்.

உடம்பும் தன் கணக்கை எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். இதில் அங்கி போட்டவர்களுக்கு விதிவிலக்கு கிடையாது. வேலைச் சோர்வுக்கு அதே சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்கள் சொல்லுகிறது: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையின் மேலேயே வெறுப்பும் விலகலும் வருவது, வேலையின் தரம் குறைவது. அந்த இரண்டாவதை நினைத்துத்தான் நான் அஞ்சுகிறேன். அழுகிறவனிடம் போய் உட்கார்ந்து, உள்ளே எதுவும் அசையாமல் ஜெபம் சொல்லிவிட்டு வரும் போதகரைச் சபை கண்டுபிடிக்காது. அவர் கண்டுபிடித்துவிடுவார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் வராது.

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்ற பழமொழியைச் சொல்லித்தான் நம் ஊரில் ஊழியர்களை விரட்டுகிறோம். எந்தச் சம்சாரியிடமாவது போய்க் கேளுங்கள். மோட்டார் ஓடும்போது கிணறு ஊறி நிறையாது. நிறுத்திவைத்த ராத்திரியில்தான் நீர் மேலே வரும். நிறுத்தாமல் இறைத்தால் கடைசியில் சேறுதான் வரும். பல மேடைகளிலிருந்து இன்று நம்மேல் கொட்டப்படுவது அந்தச் சேறுதான். ஐந்து வருஷத்துக்கு முந்தைய பிரசங்கம், யாரிடமோ கேட்ட சாட்சி, உள்ளே ஒன்றும் இல்லாததை மறைக்கும் உரத்த சத்தம்.

ஓயாத ஊழியத்துக்குப் பின்னால் எப்போதும் பக்திதான் இருக்கிறது என்றும் நான் நம்பவில்லை. சில இடங்களில் அங்கே இருப்பது பயம். சில இடங்களில் மைக்கையும் கணக்குப் புத்தகத்தையும் யார் கையிலும் கொடுக்க விரும்பாத பிடிவாதம். வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஆளின் மேசையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்த விதியின் காரணம். ஓய்வு ஊழியரைத் தேற்றும், சபையையும் காக்கும். எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் சொன்னதும் இதுதான். காலைமுதல் மாலைவரை நீ ஒருவனே உட்கார்ந்து நியாயம் விசாரித்தால் நீயும் தளர்வாய், ஜனங்களும் தளர்வார்கள் என்றார். ஒருவர் மேல் மட்டும் சாய்ந்த சபை அவரோடு சேர்ந்து களைத்துப்போகும்.

இனி, எனக்கு மிகவும் கடினமான கேள்வி. "நான் கொத்தனார். ஒரு நாள் வேலைக்குப் போகலேன்னா சோறு கிடையாது. எனக்கு லீவு யாரு தாரா? ஐயருக்கு மட்டும் ஏன்?" என்று ஒரு சபையார் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் ஐயரின் லீவைப் பறிக்கச் சொல்லவில்லை, கொத்தனாரின் லீவுக்காகச் சபை வாதாட வேண்டும் என்று சொல்லுகிறது. ஓய்வுநாள் கட்டளை எஜமானுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதா? வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் அந்நியனுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளருக்கு வார விடுமுறை சும்மா கிடைக்கவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் போராடி, 1890இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் வார விடுமுறையை உறுதிசெய்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதை வேதத்திலிருந்து படித்த சபை, தன் போதகருக்கே அதைக் கொடுக்கவில்லை என்றால் கொத்தனாருக்காக எந்த முகத்தோடு பேசும்? ஓய்வை அறியாத போதகர் தன் வீட்டு வேலைக்காரம்மாவுக்கும், கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கும் ஓய்வு கொடுக்க மாட்டார். கோயில்பிள்ளைக்குக் கடைசியாக எப்போது லீவு கொடுத்தோம் என்று எத்தனை கமிட்டிகளுக்குத் தெரியும்?

ஓய்வு என்ற பெயரில் ஊர்சுற்றுகிறவர்கள் இருக்கிறார்களே என்றும் கேட்பார்கள். இருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போய் இருபது நாளில் முப்பது கூட்டம் பேசிவிட்டு வருவதை ஓய்வு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அது இடம் மாறிய வேலை. கடமையைத் தட்டிக்கழிக்கிற சோம்பேறியைக் கண்டிக்க வேண்டியதுதான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய தண்டனையை உழைக்கிறவருக்குக் கொடுக்கக்கூடாது.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. வாரத்தில் ஒரு முழு நாள், திங்கட்கிழமையோ வேறு நாளோ, போதகருக்கு உரியது என்று ஆராதனையில் அறிவிக்க வேண்டும். அன்று வரும் தொலைபேசி அழைப்புகளை ஒரு மூப்பர் எடுக்க வேண்டும். சாவு என்றால் பக்கத்துச் சேகரத்துப் போதகர் வரட்டும், அவருடைய நாளில் நம்மவர் போகட்டும். ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பை அவர் கேட்கும்வரை காத்திராமல் கமிட்டியே தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பயணச் செலவுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும், கோபுரத்துக்கு ஒதுக்கும் வரிக்கு மேலே. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை சில மாதங்கள் படிக்கவும் சும்மா இருக்கவும் விட வேண்டும். நிலத்துக்கே ஏழாம் வருஷம் ஓய்வு கொடுத்த வேதம் நம்முடையது. தனிச் சபைப் பாஸ்டர்கள் ஊர்ப் போதகர் ஐக்கியத்தில் கூடி, ஒருவர் மேடையை ஒருவர் காப்பது என்று உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். ஆடுகளைத் திருடிக்கொள்ளுவோம் என்ற பயம் போனால் எல்லாரும் தூங்கலாம்.

போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. தேவன் சபையைக் காக்கிறார் என்று ஞாயிறுதோறும் சொல்லுகிறீர்கள். ஒரு வாரம்கூட விலகிப்போக முடியாத உங்கள் வாழ்க்கை, நான் இல்லாவிட்டால் அவரால் காக்க முடியாது என்று வாரம் முழுவதும் சொல்லுகிறது. சபை இரண்டாவது பிரசங்கத்தைத்தான் நம்பும். புயலில் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கியவர் உங்கள் ஆண்டவர். தூங்குவதும் ஒரு விசுவாச அறிக்கை.

கடைசியாக, நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. எங்கள் ஐயர் நான்காம் வருஷத்தில் பத்து நாள் லீவு கேட்டார். மேலிடத்துக்கு எழுதும் முன் கமிட்டியிடம் சொல்லிவிடலாம் என்று, தயங்கித் தயங்கிக் கேட்டார். பிள்ளைகளின் பரீட்சை முடிந்திருந்தது, குடும்பத்தோடு எங்காவது போய்வர வேண்டும் என்றார். அசனப் பண்டிகை முடியட்டும் என்று ஒருவர் சொன்னார். பண்டிகை முடிந்ததும் மறுபடி கேட்டார். தணிக்கை முடியட்டும் ஐயா என்று சொன்னவன் நான். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.

அந்த மினிட் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். அன்று கூட்டக் குறிப்பு எழுதியதும் நான்தான். அவருடைய விண்ணப்பத்துக்கு எதிரே "ஒத்திவைக்கப்பட்டது" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அடக்க ஆராதனையில் நாங்கள் சொன்ன புகழுரை பொய். அவர் லீவு எடுக்காதவர் அல்ல, லீவு கொடுக்கப்படாதவர்.